ஆர் செய்யிறது? எப்ப முடியும்?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், ஒரே வகுப்பில் படித்த பழைய மாணவியர் நால்வர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



விழாக் குழுவினர் எமக்குத் தந்த தலைப்பு 'வேலைத்தலத்தில் பயனுள்ள கூட்டங்களை நடத்துதல்'. இதைக் கேட்டதும் எம்மில் ஒருவர், "நூறு வயதுச் சங்கத்துக்கு நாங்களோ கூட்டம் நடத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் யோசித்துப் பார்த்தோம். நாம் நால்வரும் ஒரே வகுப்பில், அடுத்தடுத்த வாங்குகளில் இருந்து படித்தவர்கள். ஒருவர் வங்கிக் கிளையொன்றின் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றார். ஒருவர் வைத்தியசாலையில் விடுதிப் பொறுப்புத் தாதியாக இருக்கிறார். ஒருவர் அரச அலுவலகமொன்றில் உத்தியோகத்தர். மற்றவர் லண்டனில் உள்ளூராட்சிச் சபையொன்றில் வேலை செய்கிறார். நால்வரும் இவ்வளவு காலமும் இருந்தெழும்பிய கூட்டங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் எத்தனையால் ஒரு காரியம் நடந்தது என்று கேட்டபோது நால்வரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அந்த மௌனத்திலிருந்து பிறந்ததுதான் இந்த உரை.

முதலில் ஒரு கதை சொல்கிறோம். நடந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் அல்லர், சோம்பேறிகளும் அல்லர்.

ஒரு கிராமப் பாடசாலைக்குப் பெண்பிள்ளைகளுக்கான கழிவறைத் தொகுதி கட்ட நிதி ஒதுக்கியிருந்தார்கள். வேலை தொடங்குவதற்கு முன் காணியின் எல்லை சம்பந்தமாக ஒரு கையொப்பம் தேவைப்பட்டது. பங்குனி மாத முன்னேற்றக் கூட்டத்தில் விடயம் வந்தது. எல்லோரும் பேசினார்கள். பாடசாலையின் நிலை கண்டு வருந்தினார்கள். கூட்டறிக்கையில் ஒரு வசனம் ஏறியது: 'இது தொடர்பாக உரிய நடவடிக்கை எடுக்கப்படல் வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது.' சித்திரையிலும் அதே வசனம். வைகாசியில் 'விரைந்து' என்ற சொல் சேர்ந்தது. ஆடியில் 'மிக விரைந்து' ஆயிற்று. பொறியியல் பகுதியினர் பாடசாலை எழுதிக் கேட்கும் என்று இருந்தார்கள். பாடசாலை, கல்வி அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது. கல்வி அலுவலகமோ, கூட்டத்தில் தீர்மானித்தாயிற்று, ஆகவே யாரோ செய்கிறார்கள் என்று இருந்தது.

அரச கணக்கில் வருடம் மார்கழி 31ஆம் திகதி முடிகிறது. அதற்குள் செலவழிக்காத ஒதுக்கீடு அடுத்த வருடத்துக்குத் தானாக வராது. நிதி திரும்பிப் போயிற்று. அந்தக் கட்டடம் எழும்ப இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் பெரிய பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடம் வராமலே நின்றார்கள். அவர்களுடைய வரவு இடாப்பில் விழுந்த அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு எந்தக் கூட்டறிக்கையிலும் இடமில்லை.

கதையின் மிச்சத்தையும் சொல்லவேண்டும். அந்தக் கோப்பு எந்த அலுவலகத்தில், எவருடைய மேசையில் கிடக்கிறது என்பது ஆனி மாதத்திலேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் உத்தியோகத்தர் அவர். கதவோரம் கடைசிக் கதிரையில் இருந்தார். அவரிடம் எவரும் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசலாமா என்று அவரும் வாய் திறக்கவில்லை. அவர் வேறு யாருமல்ல, எம் நால்வரில் ஒருவர்தான். இன்றைக்கு இதைச் சொல்லச் சம்மதித்தவரும் அவரே.

இந்தக் கதையை நாம் நால்வரும் பலமுறை பிரித்துப் பார்த்தோம். முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 14 பேர். கூட்டம் 3 மணித்தியாலம். பெருக்கினால் 42 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியால வேலையென்றால் ஒருவர் 5 நாளுக்கு மேல் செய்யக்கூடிய வேலை அது. ஒருவரைப் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தால் அரை நாளில் அந்தக் கையொப்பம் வந்திருக்கும். கூட்டம் இலவசம் என்று நினைக்கிறோம். தேநீருக்கும் வடைக்கும் மட்டும் கணக்கு எழுதுகிறோம். வந்திருப்போரின் நேரம்தான் அங்கே பெருஞ்செலவு.

அந்த நேரம் எங்கே போகிறது என்பதை வேடிக்கையாக எழுதி வைத்தவர் நோர்த்கோட் பார்க்கின்சன். 1950களில் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை பெருகும் என்ற 'பார்க்கின்சன் விதி' அவருடையதுதான். 1957இல் வந்த நூலில் அவர் ஒரு குழுவை வர்ணிக்கிறார். அணு உலை கட்டும் பெருஞ்செலவு சில நிமிடத்தில் நிறைவேறுகிறது, ஏனென்றால் அது அங்கே பலருக்கு விளங்கவில்லை. சைக்கிள் கொட்டகைக்கு வரும்போது எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு. கோப்பிச் செலவுக்கு வந்தால் முடிவே இல்லை. எமது சங்கத்திலும் கட்டட நிதிக் கணக்கு பத்து நிமிடத்தில் நிறைவேறி, ஒன்றுகூடலுக்கு எந்த நிறச் சேலை என்பதில் ஒரு பின்னேரம் போனதை மறக்கமுடியுமா? நாமும் அதில் மும்முரமாகப் பேசியவர்கள்தான்.

கூட்டம் நடத்தத் தெரியாமல் இருப்பது வெட்கப்படவேண்டிய காரியமல்ல. ஹென்றி மாட்டின் றொபேட் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் 1863இல் ஒரு தேவாலயத்தில் நடந்த கூட்டத்துக்குத் திடீரெனத் தலைமை தாங்க நேர்ந்தது. எப்படி நடத்துவதென்று தெரியாமல் சங்கடப்பட்டார். அந்தச் சங்கடம் அவரைப் படிக்கவைத்தது. 1876இல் அவர் வெளியிட்ட ஒழுங்கு விதிகளை இன்றும் உலகெங்கும் சங்கங்கள் பின்பற்றுகின்றன. எமக்கும் இது புதிதல்ல. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் மாணவர் மன்றம். கடந்த கூட்டறிக்கையை வாசிப்பது, திருத்தம் கேட்பது, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிவது எல்லாம் பதின்மூன்று வயதில் இங்கேதான் பழகினோம்.

அந்த மன்றத்துக்குப் பொறுப்பாக இருந்த ரீச்சரை எம் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். ஒருமுறை எம் அறிக்கையில் 'வகுப்பறை அலங்கரிக்கப்படும்' என்று எழுதியிருந்தோம். ரீச்சர் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, ஆர் செய்யிறது? எப்ப முடியும்?" பெயர்களையும் கிழமையையும் எழுதும்வரை கையெழுத்து வைக்கவில்லை. கழிவறைக் கதையை இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்த்தபோதுதான் எமக்கு உறைத்தது. 'எடுக்கப்படும்', 'செய்யப்படும்', 'கவனிக்கப்படும்' என்ற சொற்களில் செய்பவர் இல்லை. மரியாதையான தமிழ் என்று நினைத்து நாம் எழுதும் இந்த வசனங்கள், எவரும் எதுவும் செய்யாமல் கலைந்து போவதற்கு வசதி செய்து கொடுக்கின்றன. 'திருமதி இன்னார் 15ஆம் திகதிக்கு முன் அலுவலகத்துக்குச் சென்று கையொப்பம் பெறுவார்' என்று ஒரே ஒரு வரி பங்குனியில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருடமே கட்டடம் கிடைத்திருக்கும்.

ஆகவே நாம் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். கூட்டத்தின் பலன் பேச்சில் இல்லை, ஒரு பெயரிலும் ஒரு திகதியிலும் இருக்கிறது. மற்றவை எல்லாம் அதற்கு உதவி. அந்த உதவிகளில் எமக்குக் கைகொடுத்த சிலவற்றைச் சொல்கிறோம்.

கூட்டத்துக்கு முன் கேட்கவேண்டியது, இந்தக் கூட்டம் தேவைதானா என்பது. அறிவித்தல் மட்டும் என்றால் ஒரு கடிதமோ வட்ஸ்அப் செய்தியோ போதும். கலந்து பேசவோ முடிவெடுக்கவோ இருந்தால்தான் ஆட்களைக் கூப்பிடவேண்டும். அப்படிக் கூப்பிடும்போது நிகழ்ச்சி நிரலைக் கேள்விகளாக எழுதிப் பாருங்கள். 'மலர் வெளியீடு' என்று எழுதினால் ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். 'வந்திருக்கும் மூன்று அச்சக மதிப்பீடுகளில் எதை ஏற்பது?' என்று எழுதினால் பதில் சொல்லித்தான் எழும்பவேண்டும். பெரிய விடயத்தை முதலில் வையுங்கள். களைத்த பின் சேலை நிறத்தைப் பேசினால் அது தானாகவே சுருங்கும்.

கூட்டத்தில் தலைமை வகிப்பவர் கடைசியாகப் பேசவேண்டும். இது எம் வங்கித் தோழியின் அனுபவம். கிளையில் கதவு திறப்பதற்கு முன் பத்து நிமிடம், எல்லோரும் நின்றபடி கூட்டம். நின்றால் பேச்சு நீளாது. தொடக்க காலத்தில் அவர் தமது எண்ணத்தை முதலில் சொல்வார், எல்லோரும் "ஓம் மிஸ்" என்பார்கள். ஓய்வூதிய நாளில் வரிசையை எப்படி விடுவது என்று ஒரு திட்டம் சொன்னார், எல்லோரும் ஓம் போட்டார்கள். வயதானவர்கள் பத்து மணி வெயிலில் நிற்க நேர்ந்தது. அப்படித்தான் நடக்கும் என்பது வாசலில் நிற்கும் காவலாளிக்கு முன்பே தெரியும். "ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டால், "நீங்கள் கேக்கேல்லையே மிஸ்" என்றார். அதன்பின் கடைசியாகச் சேர்ந்தவரிடம் முதலில் கேட்பது, முகாமையாளர் இறுதியில் பேசுவது என்று ஒழுங்கை மாற்றினார். காவலாளியும் அந்தக் கூட்டத்துக்கு வந்தார்.

எம் தாதித் தோழி சொன்னது இன்னும் முக்கியம். அவர்களுடைய கூட்டங்களில் ஒரு சொல் விட்டுப்போனால் ஓர் உயிர் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திர சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். பெயர் சொல்லி ஒருமுறை வாய் திறந்தவருக்கு, பிழையொன்றைக் கண்டால் மறுமுறை வாய் திறப்பது இலகு. கதவோரத்தில் இருந்த எம் தோழியிடம் அன்று ஒருவர், "பிள்ளை, நீங்கள் என்ன பார்க்கிறீங்கள்?" என்று கேட்டிருந்தால் போதும்.

நோயாளியை அடுத்த முறைத் தாதியிடம் ஒப்படைக்கும்போது நான்கு படியில் பேசும் முறையும் உண்டு. இப்போதைய நிலைமை, அதன் பின்னணி, எமது மதிப்பீடு, நாம் கேட்பது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகி, பின் வைத்தியசாலைகளுக்கு வந்த முறை இது. எந்த அலுவலகத்திலும் சுற்றி வளைக்காமல் பேச இது உதவும். ஒரு விடயத்தைக் கூட்டத்தில் எடுக்குமுன் இந்த நான்கையும் ஒரு துண்டில் எழுதிப் பாருங்கள்.

இனி எழுதுவோர் பற்றி. ஆண்களும் பெண்களும் கூடும் அலுவலகங்களில் கூட்டறிக்கை எழுத ஆள் தேடும்போது கண்கள் பெண்கள் பக்கம்தான் திரும்பும். தேநீர் ஊற்றவும் அப்படித்தான். இது நியாயமில்லை. முறை வைத்து எல்லோரும் எழுதவேண்டும் என்று கேளுங்கள், லண்டனில் எம் தோழி அப்படிக் கேட்டுப் பெற்றிருக்கிறார். ஆனால் பேனா கையில் இருக்கும்போது அதன் பலத்தையும் அறிந்துகொள்ளுங்கள். கதவோரத் தோழி அடுத்த வருடம் செய்தது அதைத்தான். தாமே முன்வந்து கூட்டறிக்கை எழுதுவதாகச் சொன்னார். ஒவ்வொரு விடயம் முடியும்போதும் பேனாவைத் தூக்கிப் பிடித்து, "ஐயா, இதை ஆர் செய்யிறது எண்டு எழுதட்டும்?" என்று கேட்டார். கருத்துச் சொல்லத் துணியாத பிள்ளைக்கு எழுதுபவர் என்ற முறையில் கேள்வி கேட்க உரிமை இருந்தது. முதல் மாதம் சிலர் முகம் சுழித்தார்கள். மூன்றாம் மாதம் பணிப்பாளரே, "எழுதுங்கோ பிள்ளை, ஆர் எண்டு எழுதுங்கோ" என்றார். அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலை வாசித்துத்தான் தொடங்கியது. கூட்டம் மூன்று மணித்தியாலத்திலிருந்து ஒன்றரைக்கு வந்தது. பின்னர் அந்தப் பாடசாலைக்கு மறுபடி நிதி வந்தபோது கையொப்பத்துக்கு எதிரே ஒரு பெயர் இருந்தது. அது அவருடைய பெயர்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றை நினைவுகூர விரும்புகிறோம். கனடாவில் பிறந்து 1896இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் மேரி இரத்தினம், 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிள சமித்தியைத் தொடக்கிவைத்தார். 1897இல் ஒன்ராறியோ மாகாணத்தில் உருவான மாதர் நிறுவனங்களே அதற்கு முன்மாதிரி. சுகாதாரமும் தையலும் பழகிய அதே சங்கங்களில் கிராமத்துப் பெண்கள் தலைவியாகவும் செயலாளராகவும் இருந்து சபை நடத்தவும் பழகினார்கள். 1958இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. இன்று ஒன்ராறியோவில் குடியிருந்துகொண்டு இம்மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு இது ஓர் இனிய உறவு. நீங்கள் போயிருக்கும் மண்ணிலிருந்துதான் எம் கிராமங்களுக்கு அந்தப் பழக்கம் வந்தது.

வெளிநாட்டுக் கிளைகளைப் பற்றிப் பேசும்போது சூம் கூட்டத்தைச் சொல்லாமல் விடமுடியாது. எமக்கு வசதியென்று இரவு 7.30க்கு வைத்தால் சிட்னியில் நள்ளிரவு தாண்டிவிடும். சனிக்கிழமை பின்னேரம் 5.30க்கு வைத்துப் பாருங்கள். மார்கழியில் அது லண்டனில் மதியம் 12, ரொறன்ரோவில் காலை 7, சிட்னியில் இரவு 11. ஆனியில் லண்டனில் 1, ரொறன்ரோவில் 8, சிட்னியில் 10. எவருக்கும் முழு வசதியில்லை, ஆனால் எவரும் நித்திரையைக் கெடுக்கவேண்டியதில்லை. சிட்னிச் சகோதரிகளின் விடயத்தை முதலில் எடுத்துவிட்டு அவர்களைப் படுக்க அனுப்புங்கள். படத்தில் முகம் தெரியாதவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சூம் கூட்டத்தில் கதவோரக் கதிரை எல்லோருக்கும் உண்டு.

முறைப்படி எல்லாவற்றையும் செய்தால் அன்பு குறைந்துவிடாதா என்று ஓர் அக்கா எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய மாணவியர் கூடுவது காரியத்துக்கு மட்டுமல்ல, கதைக்கவும்தான். கதைக்கும் நேரத்தைக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்காமல் வெளிப்படையாக ஒதுக்குங்கள். ஒரு மணித்தியாலம் காரியம். பின் ரோல்சும் பிளேன்ரீயும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் கதைக்கலாம். நேரத்துக்கு முடிக்கும் கூட்டத்துக்குக் கைக்குழந்தைக்காரியும் வருவாள், கடைசி பஸ்சைப் பிடிக்கவேண்டியவளும் வருவாள். நேரத்தை மதிப்பதும் அன்பின் ஒரு முகம்தான்.

எம் ஊர்க் கோயில் தேரைப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். எவர் பிடித்தார், எவர் விட்டார் என்று தெரியாது. ஆனால் சில்லுக்குச் சறுக்குக்கட்டை வைப்பவர்கள் யார் யார் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஒரு சிலரின் பெயர் தெரியாமல் தேர் நகராது, நகர்ந்தாலும் நேரே போகாது. எமது சங்கம் நூறு வருடம் ஓடிவந்த தேர். வடம் பிடிக்க உலகமெங்கும் கைகள் இருக்கின்றன. கட்டை வைப்பவர் யார் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதி வைப்போம்.

இந்தக் கருத்தரங்கின் முடிவில் 'கல்லூரி நூலகத்துக்கு உதவி செய்யப்படும்' என்று ஒரு தீர்மானம் வர இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதை வாசிக்கும்போது ரீச்சரின் குரல் உங்கள் காதில் விழவேண்டும். நாம் நால்வரும் எமது பெயர்களையும், அடுத்த தைப்பொங்கலுக்கு முன் என்ற தவணையையும் ஒரு துண்டில் எழுதி இப்போதே செயலாளரிடம் கொடுக்கிறோம். மற்றத் துண்டுகள் உங்களிடம் இருக்கின்றன.